வண்டி ஸ்பிரிங்குக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும்?



செம்மண் சாலையில் காலியாக ஓடும் லோரியின் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கு முதுகெலும்பு படும் பாடு தெரியும். அதே லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மிதந்து வருகிறது. சாலையும் அதுதான், வண்டியும் அதுதான். காரணம் ஸ்பிரிங்கில் இருக்கிறது.

ஒரு ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டுமோ, அதுவே அதன் விறைப்பு. பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும் என்ற விதியை ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். லோரிக்கு, முழுப் பாரத்தையும் தாங்கும்படி விறைப்பான ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். காலியாக ஓடும்போது அது வளைந்து கொடுப்பதில்லை; பள்ளத்தின் அடியெல்லாம் நம் மேல் விழுகிறது.

இனி, நம்மில் பலர் செய்யும் காரியத்துக்கு வருவோம். வேனின் பின்பகுதி தாழ்ந்துவிட்டது என்று பட்டறையில் ஒரு ஸ்பிரிங் பட்டையைக் கூட்டிப் போடுகிறோம். ஐந்து பட்டைகளோடு அதே அளவில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடித்த பட்டையாக இருந்தாலோ கதையே வேறு. தடிப்பு இரு மடங்கானால் அந்தப் பட்டையின் விறைப்பு எட்டு மடங்காகும்!

வேன் நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் மேட்டில் பட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? மழை பெய்த வளைவில் பின்பகுதிதான் முதலில் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். பட்டை போட்டதனால் பிரேக்கும் டயரும் அச்சும் பலமாகிவிடவும் இல்லை. இன்னும் நாலு பிள்ளைகளை ஏற்றலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து.

அதற்காக மிக மென்மையான ஸ்பிரிங்தான் நல்லது என்று நாம் சொல்லவில்லை. வளைவில் வண்டி சாயும். பள்ளத்தில் 'டொம்' என்று அடிபடும்.

சுமை லோரிகளில் பெரிய பட்டைக் கட்டுக்கு மேலே ஒரு சிறு கட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலியாக ஓடும்போது அது சும்மா இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்த பிறகே தாங்கத் தொடங்கும். எவரோ நன்றாக யோசித்துச் செய்த வேலை!

பட்டறைக்குப் போகுமுன் வேனின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் பழுது பெரும்பாலும் அப்சோபரில்தான். அதற்குப் பட்டை கூட்டிப் பயனில்லை. உண்மையிலேயே பட்டை தளர்ந்தோ உடைந்தோ இருந்தால், பழைய அளவிலேயே, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.