திருப்பூரில் கடன் அட்டை விண்ணப்பமும் நிலுவை மாற்றமும்

நிலுவை மாற்றம் என்பது ஒரு கடன் அட்டையில் சேர்ந்துள்ள பாக்கியை, குறைந்த வட்டி விதிப்பதாகக் கூறும் வேறொரு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் முறையாகும். பேச்சு வழக்கில் இது 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' எனப்படுகிறது. பின்னலாடை நகரான திருப்பூரில் வருமானம் வரும் முறையும் வங்கிகளின் மாதக் கணக்கும் ஒத்துப்போகாததால், அட்டை பெறுவதிலும் பாக்கியைத் தீர்ப்பதிலும் தனித்த சிக்கல்கள் எழுகின்றன.

விண்ணப்பம்

விண்ணப்பத்துடன் பொதுவாக மாத ஊதியச் சீட்டு அல்லது வருமான வரிக் கணக்கு கேட்கப்படுகிறது. பனியன் நிறுவனங்களில் சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம் வழங்குவதே நெடுநாள் வழக்கம். தையல், செக்கிங் போன்ற வேலைகளில் பலர் பீஸ் ரேட்டில், ஒப்பந்ததாரரிடம் பணிபுரிகின்றனர். இவர்களுக்கு வருமானம் உண்டு. அதை மெய்ப்பிக்கும் தாள் இல்லை.

அடுத்த தடை கடன் மதிப்பெண். 2000இல் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரை மதிப்பெண் வழங்குகிறது. இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. கடனின்றி வாழ்ந்ததே இங்கு குறையாகிவிடுகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி செய்யும் விசாரணை பதிவாகும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் பதிவானால் மதிப்பெண் குறையக்கூடும். எனவே ஒரு வங்கி மறுத்தவுடன் அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்பது நிலைமையை மோசமாக்கும். நிலை வைப்பை ஈடாக வைத்துச் சில வங்கிகள் தரும் அட்டை இத்தகையோருக்கு ஒரு மாற்று வழி.

நிலுவை மாற்றத்தின் கணக்கு

நிட்டிங், கட்டிங் போன்ற ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறையினர் வேறு வகையில் சிக்குகின்றனர். செய்த வேலைக்கான பில் தொகை வரப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். அட்டையின் வட்டியில்லாக் காலமோ பெரும்பாலும் 50 நாட்களுக்குள் முடிந்துவிடும். பணம் வராத மாதத்தில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, 1,00,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி எனில் வட்டி 3,500 ரூபாய்; அதன் மீது 18% சரக்கு மற்றும் சேவை வரி 630 ரூபாய். 5,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய் மட்டுமே.

இந்நிலையில் மாதம் 1.5% வட்டி, மூன்று மாதத் தவணை, 2% கட்டணம் என்று ஒரு சலுகை வருவதாகக் கொள்வோம். அசல் குறையாதிருந்தால், வரி உட்பட மூன்று மாதச் செலவு 5,310 ரூபாய் வட்டி, 2,360 ரூபாய் கட்டணம், ஆக 7,670 ரூபாய். பழைய அட்டையில் இது 12,390 ரூபாய். ஆகவே சலுகை பொய்யன்று. ஆனால் மூன்று மாதத்தில் பில் தொகை வராவிட்டால் வழக்கமான வட்டி மீண்டும் தொடங்கும்; கட்டிய கட்டணம் திரும்பாது. மேலும், பாக்கி உள்ள அட்டையில் புதிதாகப் பொருள் வாங்கினால், வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படுவது வழக்கம். தொலைபேசியில் சலுகையைச் சொல்வோர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய அட்டையை மூடாமல் அதிலும் செலவு செய்பவர் இரு பில்களுக்குப் பொறுப்பாகிறார்.

சட்ட நிலை

30 விழுக்காட்டுக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 சூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் இதற்குத் தடை விதித்தது. 2024 திசம்பர் 20 அன்று அதை இரத்து செய்தது. இதனால் அந்த வட்டி உச்சவரம்பு நடைமுறைக்கு வரவில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிகள், விண்ணப்பத்தை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றன. கேட்காமல் அட்டை வழங்குவதைத் தடை செய்தன. பாக்கியில்லாத அட்டையை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்றும் விதித்தன.

முறையீடு

முதலில் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அட்டை தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்பதால், மறுப்பை மட்டும் எதிர்த்து முறையிட இயலாது. மறுப்புக்குக் காரணம் தெரிவிக்காததைக் குறையாக எழுப்பலாம்.