மூட்டு மாற்றும் முன் வீட்டைக் கவனியுங்கள்

உட்காருங்கள் அக்கா, டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்றதும் ஆளாளுக்கு டாக்டரையும் செலவையும்தான் விசாரிக்கிறார்கள். ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆஸ்பத்திரியில் சில நாள் இருப்பீர்கள். அப்புறம் வாரக்கணக்கில் நடை பழகப்போவது வீட்டில்தான். அந்த வீட்டை இப்போதே தயார் செய்ய வேண்டும்.

பாத்ரூமிலிருந்து ஆரம்பியுங்கள். இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது என்பார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க உயிர் போகும். அதன்மேல் பொருத்துகிற உயரமான சீட் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும். சுவரில் துளை போட்டு இறுக்கிய கைப்பிடி ஒன்றும் வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். வாக்கரை முன்னாலேயே வாங்கி, பாத்ரூம் கதவுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கதவு குறுகல். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் வாக்கர் சிக்கி நிற்பதைவிட, இப்போதே டேப் வைத்து அளந்துவிடலாம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கிடக்கும் மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் மாமாவிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். விடிவிளக்கு ஒன்று எரியட்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பதும் வேண்டாம். கட்டிலும், கை வைத்த உயரமான நாற்காலியும் போதும்.

தலையணை விஷயத்தில்தான் பாசத்தில் தப்பு நடக்கும். இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் யாராவது வைத்துவிடுவார்கள். அப்படியே மடங்கிக் கிடந்தால் பிறகு கால் முழுதாக நீளாது. வீக்கத்துக்குக் காலை உயர்த்த வேண்டுமென்றால், முட்டி மடங்காமல் கணுக்காலுக்கு அடியில் வையுங்கள்.

உடம்புக்கும் இப்போதே வேலை உண்டு. காலை நீட்டிப் படுத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். தொடைக்குப் பலம் இருந்தால் எழுந்து நடப்பது சுலபம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்; இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு. சொத்தைப் பல் இருந்தால் முன்பே பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்லாமல் போகவே கூடாது. ஆபரேஷனன்று விடியற்காலையில் இந்த டீ கிடையாது. பால் கலந்ததெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு. பொதுவாக 6 மணி நேர இடைவெளி கேட்பார்கள்.

முன்பெல்லாம் ஆபரேஷன் என்றால் படுக்கையே கதி. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளியை முன்பே தயார்படுத்தி, சீக்கிரம் சாப்பிடவும் எழுந்து நடக்கவும் வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று பல இடங்களில் அன்றைக்கோ மறுநாளோ நிற்க வைத்துவிடுகிறார்கள். பயப்படாமல் நில்லுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய மனவருத்தம் உண்டு. முட்டை ஆகாது, பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும், தண்ணீர் குறைத்துக் குடி என்று பத்தியம் வைத்தே ஆளை வாட்டிவிடுகிறார்கள். புண் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும். டாக்டர் வேறு காரணத்துக்காகத் தடுத்தாலொழிய முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தாராளமாகச் சாப்பிடுங்கள். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும். அதற்குக் கீரையும் பழமும் தண்ணீரும்.

பார்க்க வருகிறவர்களில் சளி, காய்ச்சல் உள்ளவர்களைத் தயங்காமல் போனிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, தையலில் நீர் கசிவோ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ போனெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.