சுவரேறும் ஈரம்: வடிகாலும் உறைவிட உரிமையே

தமிழகக் கிராமங்களில் சேரிகளும் காலனிகளும் பெரும்பாலும் தாழ்நிலத்திலேயே அமைந்துள்ளன. ஊரின் மழைநீரும் கழிவுநீரும் அங்கு வந்து தேங்குகின்றன. அவ்வீட்டுச் சுவர்களில் படரும் பூஞ்சையைக் குடியிருப்போரின் தூய்மைக் குறைவெனப் பழிப்பதை நாம் ஏற்க இயலாது. அதன் காரணம் வடிகால் இன்மை.

கடைக்காலைச் சுற்றித் தேங்கும் நீரைச் செங்கல்லும் காரையும் நுண்துளைகள் வழியே மேலே உறிஞ்சுகின்றன. மழை ஓய்ந்த பின்னும் சுவர் காய்வதில்லை, பூஞ்சை படர்கிறது. இத்தகைய வீடுகளில் வாழ்வோர்க்கு ஆஸ்துமாவும் மூச்சுத்தொற்றும் வரும் வாய்ப்பு கூடுதல் என உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், ஈரம் மறையாது.

தெருவைவிட உயர்ந்த பேஸ்மட்டம், அதன்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு, சுவரிலிருந்து வெளிப்புறம் சரியும் தரை, கூரைநீரை அப்பால் கொண்டுசெல்லும் குழாய் ஆகியவை வீட்டைக் காக்கும். ஆனால் வீட்டு வடிகால் தெருவாய்க்காலில் சேரவேண்டும்; வாய்க்காலுக்கும் ஒரு போக்கிடம் வேண்டும். அது இல்லையேல் தனி வீட்டின் முயற்சி வீணாகும்.

உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினரின் வீடுகளுக்காக நிலம் எடுத்தது குறித்த சமேலி சிங் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் உறைவிட உரிமையை விளக்கியது. அது தலைக்கு மேல் கூரை மட்டுமன்று. தூய சூழல், காற்று, வெளிச்சம், சுகாதார வசதி ஆகியவற்றையும் உள்ளடக்கியது என்றது. ஆகவே மனைப்பட்டா கோரும்போதே, நிலத்தின் மட்டம் என்ன, வடிகால் எங்கே சென்று முடிகிறது என்பவற்றையும் நாம் கேட்டாகவேண்டும்.