சரளைக்கு அடியில் ஓர் உயிர்
அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிரெஞ்சு கிரீக் என்னும் ஓடையில் பாலம் கட்டுவதற்கு முன், அருகிவரும் நன்னீர்ச் சிப்பிகளைத் தேடும் குழுவில் நானும் இருந்தேன். சிப்பியால் மீனைப்போல் விலகி ஓட முடியாது. தூண் வேலையில் கிளம்பும் சேறு அதை மூடிவிடும்.

முகமூடியும் சுவாசக் குழாயும் அணிந்து ஓடையில் தேடினோம். ஆனால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினால் போதாது. 1993இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்ட 'கிளப்ஷெல்' சரளைக்குள் புதைந்து வாழும். அதனால் சிறிய சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் சரளையைக் கையால் தோண்டினோம். கிடைப்பதை அனுமதி பெற்ற வல்லுநர்கள் அளந்து, அடையாளமிட்டு, பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவார்கள். சிப்பியின் இளம் பருவம் மீனின் செவுளில் ஒட்டி வளர்வதால், அங்கே அந்த மீன்களும் இருக்க வேண்டும்.

'இங்கு எதுவும் இல்லை' என்று எழுதுவது எளிது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இயந்திரங்கள் ஓடையில் இறங்குகின்றன.