மேற்குரலும் மகரக்கட்டும்

ஒலிபெருக்கி பரவாத நாளில் நாடக மேடையேறியவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906இல் செங்கோட்டையில் பிறந்து, 1933இல் இளமையிலேயே மறைந்த அவர், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரலாற் புகழ் பெற்றார். எங்கள் நாவலூரைச் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமையில் தெருக்கூத்துக் கலைஞரும் திறந்தவெளியில் விடியுமளவும் மேற்குரலிலேயே பாடுவர்.

அவ்வுச்சம் எங்ஙனம் பிறக்கின்றது? மிடற்றிலுள்ள குரல்நாண்கள் இழுபட்டு மெலியும்போது அதிர்வு மிகுகின்றது. ஆதார சட்ஜம் நொடிக்கு 130 அதிர்வாயின், தாரஸ்தாயிச் சட்ஜம் 260 ஆகும். மெலிவு, சமன், வலிவு என்று நம் முன்னோர் வகுத்த மூன்றனுள் இது வலிவு. பெயரைக் கண்டு, வலிந்து கத்துவதே வலிவு என்று கொள்ளற்க! மூச்சை முட்டித் தள்ளினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கும். நாளடைவில் காய்ப்பும் உண்டாகும். சரளி, ஜண்டை வரிசைகளுக்குப் பின்னரே மேல்ஸ்தாயி வரிசை பயிற்றுவதன் நுட்பம் இதுவே. அகார சாதகமும் தாழ்ந்த சுரங்களில் தொடங்கிப் படிப்படியாக ஏறவேண்டும்.

பையன்களுக்கு ஒரு சொல். பதின்மூன்று, பதினான்கு வயதளவில் மிடறு வளர, நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் உடையும். பழைய நாடகக் கம்பெனிகளில் இதனை மகரக்கட்டு என்பர். பாடும் வேடம் கைவிட்டுப் போகும் என்று சிறுவர் நடுங்கிய பருவம் அது. நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் இறைவணக்கம் பாடிய சிறுவனுக்கும் அது வந்தது. பாட்டையே விட்டுவிடுவதாக அழுதான். ஓராண்டு தாழ்ந்த சுருதியில், மெல்லப் பாடச் செய்தோம். மறு ஆண்டு ஒன்றரைக் கட்டையில், தாரஸ்தாயிச் சட்ஜத்தில் ஆடாமல் நின்றான்.