ஏரிநீரின் ஊட்டநிலையும் நொதிச் செயற்பாடும்: கலைச்சொல் நோக்கு

அந்தமானில் மரைன் ஹில் அமைந்துள்ள போர்ட் பிளேர் நகர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) குடிநீருக்குத் தனிக்காரி அணையைப் பெரிதும் சார்ந்துள்ளது. வங்காளம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழும் வழங்கும் இவ்வூரில் நீராய்வறிக்கை ஒன்று தமிழாக்கம் பெறுமாயின், ‘நொதிச் செயற்பாடு மிகுதி’ என்னும் தொடரை வாசகர் எவ்வாறு பொருள் கொள்வர்? மிகுதி என்றதும் மாசு மிகுதி என்றே கொள்ளக்கூடும். உண்மை அதற்கு மாறாகவும் இருக்கலாம்.

பாஸ்பேட் அருகிய நீரில் பாக்டீரியாக்களும் பாசிகளும் காரப் பாஸ்படேஸ் என்னும் நொதியை மிகுதியாக ஆக்கி, கரிமச் சேர்மங்களில் பிணைந்துள்ள பாஸ்பேட்டைப் பிரித்துக் கொள்கின்றன. பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்குமிடத்து இவ்வாக்கம் ஒடுங்குகிறது. ஆகவே இங்கு மிகுதி என்பது ஊட்டத்தின் பற்றாக்குறையைச் சுட்டும். பாசி செறிந்த நீரில் மொத்த நொதியும் கூடுமாதலின், அளவீட்டைப் பச்சையத்தின் அளவால் வகுத்துக் காண்பதும் உண்டு. புரதத்தைச் சிதைக்கும் அமினோபெப்டிடேஸோ பொதுவாக ஊட்டம் மிக்க ஏரிகளில் உயர்ந்து நிற்பது. நொதியின் பெயரைச் சுருக்கம் கருதி விட்டுவிடும் மொழிபெயர்ப்பு முடிவையே தலைகீழாக்கிவிடும்.

‘செயற்பாடு’ என்பதை ‘அளவு’ எனப் பெயர்ப்பதும் பிழையே. நீர் மாதிரியில் மெதில் அம்பெல்லிபெரில் பாஸ்பேட் இடப்படுகிறது. நொதி அதனைப் பிளக்க, விடுபடும் பொருள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்கிறது. ஒரு லிட்டரில் ஒரு மணிக்கு இத்தனை நானோமோல் எனக் கணக்கிடப்படுவது வேகமேயன்றி நொதியின் எடையன்று. இவ்வகைப் பொருள்களை ஹோப்பே உவர்நீர் ஆய்வில் கையாண்டு 1983இல் வெளியிட்டார்.

நொதி என்னும் ஆக்கம் பொருத்தமானது. கூனே 1870களில் படைத்த ஜெர்மானியச் சொல்லும் ‘புளிமாவினுள்’ எனப் பொருள்படும் கிரேக்க அடியினதே. இலங்கையில் நொதியம் என்பர். இடர் தருவது ஊட்டநிலைச் சொல்லே. வேபர் 1907இல் சதுப்பு நிலங்களுக்கு வழங்கிய ‘யூட்ரோஃப்’ என்பதைப் பின்னர் நௌமன் ஏரிகளுக்கு விரித்தார். அதன் முன்னொட்டு ‘நல்’ எனப் பொருள்படும். இலங்கைப் பாடநூல் வழக்கான நற்போசணையாக்கம் அம்முன்னொட்டை அப்படியே காக்கிறது. மூலத்திற்கு நேர்மையான ஆக்கந்தான். எனினும் கழிவுநீர் கலந்து பாசி படர்ந்த உதகை ஏரியை ‘நற்போசணை’ உடையது என்றால் பொதுவாசகர் மயங்குவர். தமிழ்நாட்டில் பயிலும் ‘மிகையூட்டம்’ சொல்லமைப்பில் மூலத்தை விட்டு விலகினும் பொருளைக் காட்டுகிறது. ஆய்விதழில் இரண்டும் நிற்கலாம். குடிநீர் அறிவிப்பில் பின்னதே தக்கது.