தண்ணீர் மாற்றிய இரவில் லோச் மீன்கள் ஏன் இறந்தன?

பல வாரங்களாகத் தொடாத மீன்தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக்கு மேல் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரினை நீக்கும் மருந்தும் கலந்தாயிற்று. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால், ஆரஞ்சு உடலில் கறுப்புப் பட்டை போட்ட லோச் மீன்கள் செத்துக் கிடக்கின்றன. புண் இல்லை, வெண்புள்ளி இல்லை. "எல்லாம் சரியாகத்தானே செய்தோம், டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

லோச் நமக்கு அந்நிய மீனன்று. மதுரையில் குழம்புக்குப் பேர்போன அயிரையும் இந்தக் கூட்டம்தான். பட்டை போட்ட இந்த வகையின் தாயகம் சுமத்ராவும் போர்னியோவும். நாம் கடையில் 5 செண்டிமீட்டர் அளவில் வாங்கும் மீன், நன்றாக வளர்ந்தால் 30 செண்டிமீட்டரை எட்டும். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆகவே செத்தவை குஞ்சுகள். வயதாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சந்தேகம் முதலில் அமோனியாவின் மேல் விழ வேண்டும். மீன்கள் செவுள் வழியாக அதை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனி அழுகினாலும் அது உண்டாகும். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலை நடக்கும்போது அமிலமும் உருவாகிறது. மென்னீரில் அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட் குறைவு. அதனால் மாதக்கணக்கில் மாற்றாத தொட்டியில் பிஎச் மதிப்பு மெல்லச் சரிந்து 6-க்கு அருகில் வந்துவிடும். அந்த அமிலத்தன்மையில் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும். அமோனியா சேரத் தொடங்கும்.

அப்படியானால் மீன்கள் அப்போதே சாக வேண்டாமா? இங்கேதான் வேதியியல் சுவையாகிறது. நீரில் அமோனியாவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று அமோனியா வாயு, கடும் நஞ்சு. மற்றொன்று ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்ட அம்மோனியம். இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நம் நாட்டு வெப்பத்தில், அதாவது 28 பாகை செல்சியசில், பிஎச் 6 உள்ள நீரில் நச்சு வடிவம் சுமார் 0.07 விழுக்காடுதான். பிஎச் 7-இல் 0.7. பிஎச் 8-இல் ஏறக்குறைய 6.6. ஒரு படி ஏறினால் பத்து மடங்கு!

சுத்திகரிப்பு நிலையங்களில் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு. குடிநீரின் பிஎச் 6.5 முதல் 9 வரை இருக்கலாம் என்பது மலேசியத் தரம். அந்த நீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றியதும் பிஎச் எகிறுகிறது. மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி சில நிமிடங்களுக்குள் நஞ்சாக மாறுகிறது. நமக்கு உதவும் தண்ணீர் மீனுக்கு எமனாகிறது. கூடவே பஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவியிருந்தால், குளோரின் பாக்டீரியாக்களையும் கொன்றிருக்கும்.

அதற்காக எல்லாச் சாவுக்கும் இதுவே காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் டெங்கிக்காகப் புகையடிக்கிறார்களே, அதில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. காற்று பம்பு அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்திவிடும். புகையடிக்கும் நேரத்தில் தொட்டியை மூடி, பம்பைச் சற்று நேரம் நிறுத்துங்கள். லோச்சின் செதில்கள் மிகச் சிறியவை. வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் செம்பு மருந்தையும் அது தாங்காது.

அடுத்த முறை தண்ணீர் மாற்றுமுன் பழைய நீரில் ஒரு குவளையும் குழாய்நீரில் ஒரு குவளையும் எடுத்து, பிஎச், அமோனியா இரண்டையும் சோதித்துக் குறித்து வையுங்கள். சோதனைப் பொருள்கள் மீன் கடையிலேயே கிடைக்கும். இரண்டு பிஎச் மதிப்புகளும் வெகுவாக வேறுபட்டால், பத்தில் ஒரு பங்காகச் சில நாள் இடைவெளியில் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

இன்னொன்று: இந்த லோச் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துத் தூங்கும் பழக்கம் உடையது. வலையை எடுக்குமுன் அதன் செவுள் அசைகிறதா என்று பாருங்கள்.